இசைக்கு மூன்று மார்க்

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

நடுவர்களின் ஓய்வறையிலிருந்து துப்புரவுப் பெண் போட்ட கூச்சலில், ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கத்தின் கைதட்டலே அடங்கிப்போனது.

தலைமை நடுவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கழுத்தில் இறுக்கிய வெள்ளை லேஸ்... ஸ்கேட்டிங் ஷூவுக்குப் போடுவது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெண் இன்ஸ்பெக்டர் உடனே வந்துவிட்டார். விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"யார் லேஸ் இது?"

"இதோ நிக்கிறாங்களே, இவங்க பொண்ணோடது."

முந்திக்கொண்டவர் தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்ட பெண் நடுவர். "காலையில 'உங்களைச் சும்மா விடமாட்டேன்'னு அவரை மிரட்டினதும் இவங்கதான்."

அவர் கைகாட்டிய பெண்மணி... கடைசியாக ஆடி முடித்த பெண்ணுக்குக் கோச்சும் அவர்தான், அம்மாவும் அவர்தான். மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, மிரட்டினேன். வயித்தெரிச்சல்" என்றார் அம்மா. "குதிச்சது சரியா தப்பான்னு வீடியோ போட்டுப் பார்க்கலாம். ஆனா இசை, உணர்ச்சின்னு கலைக்குத் தனியா ஒரு மார்க் வெச்சிருக்கீங்களே... அதுக்கு என்ன அளவுகோல்? வருஷா வருஷம் அங்கதான் என் பொண்ணை அமுக்கறீங்க. இந்தத் தடவையும் தோத்தா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க."

"அதுக்காகக் கொல்லுவீங்களா?" என்றார் தங்கக் கண்ணாடி.

"வாயை அளந்து பேசு. பொண்ணு ஆடி முடிக்கிற வரைக்கும் நான் ஐஸ் ஓரத்தை விட்டு நகரவே இல்ல."

"யார் பார்த்தா? ஐஸைத் தவிர எங்கேயும் லைட் கிடையாது."

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். மகள் விம்மினாள்.

"அப்போ நீங்க எங்கே இருந்தீங்க மேடம்?" என்று தங்கக் கண்ணாடி பக்கம் திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

"என் சீட்ல. தலைமை நடுவர் 'நீங்க ஆரம்பிங்க, வந்துடறேன்'னு எழுந்து போனார். நான் அசையாம உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். இசைக்கு மூணு மார்க் போட்டேன். பத்துக்கு மூணே ஜாஸ்தி."

"ஏன்?"

"காது இருந்தாத்தானே? வயலின் ஒரு பக்கம் போகுது, இவ ஒரு பக்கம் போறா."

அம்மா வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அடக்கினார்.

"நான் போலீஸ்காரி. எனக்கு இதெல்லாம் புரியாது. எந்த இடத்துல பிசகுச்சு?"

தங்கக் கண்ணாடிக்கு உற்சாகம் பிறந்தது. "கடைசிச் சுழற்சியில. வயலின் உச்சிக்குப் போய் நின்னுடுச்சு. இவ அதுக்கப்புறமும் பம்பரமா சுத்திக்கிட்டிருக்கா."

வாசலில் நின்ற மற்ற நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடம்... நான் ஸ்டேஷன்லேர்ந்து வரல" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னிக்கு இங்கதான் பந்தோபஸ்து. ஐஸ் ஓரமா நின்னு விறைச்சுப்போய் அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஸ்பீக்கர் அவுட்டு. வயலினும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தங்கக் கண்ணாடியின் முகம் வெளுத்தது.

"பாட்டு நின்னா, விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டியவர் தலைமை நடுவர். அவர் இங்கே கிடந்தார். விசில் வரல... பொண்ணும் நிக்கல. ஜனங்க கைதட்டித் தாளம் போட, ஆடி முடிச்சா."

"நான்... வந்து..."

"நீங்க கதவைச் சாத்திக்கிட்டு இங்கே வேலையா இருந்தீங்க. மார்க்கை அவ ஐஸ்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே போட்டாச்சு. அதை அவர் பார்த்துட்டார். சரியா?"

"புகார் பண்ணுவேன்னார்!" தங்கக் கண்ணாடி வெடித்தார். "காலையில பயிற்சியைப் பார்த்தேனே, போதாதா? இதுக்குப் போய் என்னை ஒழிச்சுக்கட்டப் பார்த்தார். வழியில இவ பை இருந்துச்சு... உள்ளே இருந்த மாத்து லேஸை உருவிட்டேன்."

அம்மா பாய்ந்தார்.

"பாவி! என்னைக் கொலைகாரி ஆக்கினதைக்கூட மன்னிச்சுடறேன். ஆடறதுக்கு முன்னாடியே மூணு மார்க்கா?"

"அந்த மார்க் செல்லாதும்மா" என்றார் வாசலில் நின்ற நடுவர் ஒருவர். "அதைக் கழிச்சா உங்க பொண்ணுதான் முதல்."

மகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

மேஜை மேல் இருந்த விலங்கு தங்கக் கண்ணாடியின் கைக்கு மாறியது.

"கோர்ட்ல எனக்கு நியாயம் கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அங்கே எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டுத்தான் மார்க் போடுவாங்க."