குமிழி வராத தொட்டி

மீன்தொட்டிக் காற்று மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டதே அவன்தான். ஆனாலும் இருட்டறைக்குள் குமிழிச் சத்தம் கேட்டது. கொளக், கொளக் என்று, கூடத்திலிருந்து அல்ல, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

வெளியே நல்ல மத்தியான வெயில். கதவிடுக்கில் கறுப்புத் துணி அடைத்த அந்த அறையிலோ தன் கை தனக்கே தெரியாது. பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடையும் ஈரச்சுவரின் வாடையும் மூக்கில் ஏற, கேமராவிலிருந்து எடுத்த பிலிமை விரல் நுனியால் தடவித் தடவிச் சுருளில் ஏற்றிக்கொண்டிருந்தான். டப்பாவில் போட்டு மூடும்வரை விளக்கைப் போடக் கூடாது. போட்டால் அத்தனை படமும் பாழ். பத்திரிகை அட்டைக்குப் போக வேண்டிய படம். திரும்ப எடுக்கலாமென்றால் மீன் உயிரோடு இல்லை.

அது அவன் மனைவி வளர்த்த மீன். சிவப்புத் தலைத் தங்கமீன், அவள் விரலைக் கண்டாலே ஓடி வரும். குமிழி படத்தைக் கெடுக்கிறதென்று, குறுகலான தொட்டியில் அதை அடைத்து மோட்டாரை நிறுத்தினான். அது மேலே வந்து வாயைப் பிளந்தது. அந்த வாய்தான் அவனுக்குப் பிடித்துப்போனது. பாவி, ரோல் தீரும்வரை எடுத்தான்.

"அது துடிக்கத் துடிக்க வேடிக்கை பாத்தீங்களா?" என்றாள் அவள். அழவில்லை. "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க."

"ஒரு மீனுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்து தாழ் போட்டிருந்தான்.

இப்போது பிலிம் ஈரமாக இருந்தது. இன்னும் மருந்தைத் தொடாத பிலிம். விரலுக்கடியில் அது வழவழவென்று நெளிந்தது. அதில் செதில் இருந்தது.

குமிழிச் சத்தம் நின்றது.

மூச்சை இழுத்தான். வரவில்லை. படம் நாசமாய்ப் போகட்டும் என்று சுவிட்சைத் தேடினான். சுவர் இல்லை. கண்ணாடி. பின்னால் கண்ணாடி. இரண்டு பக்கமும் கண்ணாடி. முழங்கையை மடக்க இடமில்லை. மனைவியைக் கூப்பிட்டான். வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை.

வெளிச்சம் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் அவனுடைய கேமராவை வைத்திருந்தாள். அவன் உள்ளங்கைகளால் கண்ணாடியை அறைந்தான்.

"அவசரப்படாதீங்க," என்றாள் நிதானமாக. "இன்னும் நிறைய பிலிம் இருக்கு."