பதினொன்று பத்துக்குச் சாகும் ரோபோ

"வீல்ல்ல்...!"

அலறல் வெயிலைக் கிழித்தது.

கொட்டாம்பட்டி சாலையோரத் தகரக் கொட்டகை. அதன் நடுவே கையை நீட்டியபடி அசையாமல் நின்றது பிணம்!

ரத்தம் இல்லை. நாடி இல்லை. தலையும் இல்லை!

தலை பிறக்கும்போதே இல்லை. காரணம், அது ஜப்பானிலிருந்து வந்த வெல்டிங் ரோபோ. எவர்சில்வர் தகடுகளைப் பால் டாங்குகளாக ஒட்டும் ஒற்றைக் கை. அலறியது அதன் அபாய மணி.

சுவர்க் கடிகாரத்தில் மணி 11.10.

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? இருபத்தாறு நாளா இதே கதை! டாண்ணு பதினொண்ணு பத்துக்குச் செத்துருது!"

நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதித்தார் முதலாளி வெள்ளைத்துரை. 1987-ன் மே மாதம் முழுவதும் அவருடைய சட்டையில் நனைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஆசீர்வாதம் பிணத்தைச் சுற்றி வந்தார். பத்து வருட சர்வீஸில் அவர் பிடித்த பெரிய குற்றவாளி, ஸ்டேஷனில் வடை திருடிய குரங்கு. அதுவும் ஜாமீன் இல்லாமல் தப்பிவிட்டது.

"யாரு மேல சந்தேகம் சார்?"

"சந்தேகமா? இவனேதான்!"

முதலாளியின் விரல் நுனியில், கையில் ஸ்பேனருடன் நல்லகாமன். ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் ஆள்.

"பதினெட்டு வருஷமா கையாலயே குச்சி வெல்டிங் பண்ணவன் சார். மெஷின் ஓடுனா பொழப்பு போயிரும்னு சதி பண்றான்! டிஸ்மிஸ் லெட்டர் அடிச்சாச்சு. நீங்க விலங்கை மாட்டுங்க, நான் லெட்டரை நீட்டுறேன்!"

நல்லகாமனின் ஸ்பேனர் ணங்கென்று தரையில் விழுந்தது.

"கெடுக்கணும்னா அங்க சம்மட்டியே கெடக்கு மொதலாளி! ஒரே போடு போட்ருக்க மாட்டேனா? தெனம் தெனம் எதுக்கு ஊசியைக் கெடுத்துக்கிட்டு?"

நியாயமான கேள்வி. ஆனால் நியாயம் என்றைக்கு டிஸ்மிஸ் லெட்டரைக் கிழித்திருக்கிறது?

"என்ன ஊசி?" என்றார் ஆசீர்வாதம்.

"டங்ஸ்டன் ஊசிய்யா. இதோட முனையிலதான் நெருப்பு பிடிக்கும். முனை கறுத்துப் போச்சுன்னா நெருப்பு அலபாயும், மெஷின் படுத்துரும். வேற ஊசி தீட்டி, மாட்டி, அளவு பாக்க ஒரு மணி நேரம்."

"காலையில?"

"எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் கும்முன்னு ஓடும்யா. பதினொண்ணுக்கு மொதலாளி வந்து ஒரு மணி நேரம் உக்காருவாரு. அப்பத்தான்..."

"ஏண்டா, என் கண்ணு பட்டு வெந்து போச்சுங்கிறியா?" வெள்ளைத்துரை எகிறினார்.

"அதுக்கும் பூசணிக்கா உடைச்சுப் பாத்தோம்யா. மூணு தடவை!"

ஆசீர்வாதத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சிகரெட் நினைப்பும் வந்தது.

"இங்க பத்த வைக்கலாமாய்யா? காஸ் சிலிண்டர் நிக்குதே?"

"அது ஆர்கான்யா. எரியாது."

தீக்குச்சியை உரசினார். அணைந்தது.

இன்னொன்று. அணைந்தது.

மூன்றாவதை உரசியவர்... அப்படியே நின்றார்!

"எரியாத காஸு எதுக்குய்யா இங்க?"

"நெருப்பைச் சுத்திப் போர்வை மாதிரி மூடிக்கிரும்யா. வெளிக்காத்து பட்டா ஊசி கறுத்துருமாம். ஜப்பான் இன்ஜினியர் சொல்லிட்டுப் போனாரு. அதான் கதவு, ஜன்னலு அம்புட்டையும் சாத்தி வச்சிருக்கேன்."

"அம்புட்டையும் சாத்துனா உள்ள அவியுமே?"

"அவியத்தான் செய்யும். நாங்க தாங்கிக்கிருவோம். மொதலாளி வந்து உக்காந்ததும் வேர்த்து ஊத்துமேன்னு நாந்தான் இந்த ஃபேனை அவரு பக்கமாத் திருப்பி..."

நல்லகாமனின் குரல் பாதியில் நின்றது.

முகம் வெளுத்தது.

முதலாளிக்குப் பின்னால் ஆளுயர ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. முதலாளியைத் தழுவிய காற்று, நேராக ரோபோவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது!

"புது ஊசியை மாட்டுய்யா!" கத்தினார் ஆசீர்வாதம். "ஃபேனை நிறுத்து!"

மணி 12.15. ரோபோவின் கை அசைந்தது. ஊசி முனையில் நீலப் பொறி.

ஒரு நிமிடம்... ஐந்து நிமிடம்...

வெள்ளைத்துரையின் நெற்றியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மீசைக்கு ஒரு சொட்டு இறங்கியது. நல்லகாமனால் பார்க்க முடியவில்லை. கை தன்னால் ஃபேன் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதே!" என்றார் ஆசீர்வாதம்.

கை நின்றது. தகட்டின் கடைசி அங்குலம் வரை வெள்ளிக் கோடாக ஓடி முடிந்தது. மணி அலறவில்லை!

அடுத்த தகடு. பொறி பிடித்ததும் ஆசீர்வாதமே ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

நீலம் நடுங்கியது. அலைந்தது. ஊசி கறுத்தது.

"வீல்ல்ல்...!"

மறுபடியும் பிணம்!

முதலாளி மெல்ல எழுந்தார். சட்டைப்பையிலிருந்த லெட்டரை எடுத்தார். நல்லகாமனைப் பார்க்காமல், நாலாகக் கிழித்தார்.

"ஏண்டா... இம்புட்டு வைஞ்சிருக்கேன். எனக்குப் போயி ஃபேனு போட்டியே?"

"வேர்த்துச்சே மொதலாளி..."

வெள்ளைத்துரை மூக்கை உறிஞ்சினார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

"அப்ப கொலைகாரன் நானா சார்? இனிமே பதினோரு மணிக்கு நான் எங்கதான் போறது?"

ஆசீர்வாதம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க வேணா போங்க சார்! நீங்க ஒரு மணி நேரம் லீவு போட்டீங்கன்னா... மெஷின் லீவு போடாது!"