முச்சந்தியில் கொட்டிய சக்கை

தாபிங் கிராமத்துக்குப் பிரியும் முச்சந்தியில் நாங்கள் சைக்கிளை நிறுத்தியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் வெளிச்சம் அதற்குள் செத்துப்போயிருந்தது. தென்மேற்குச் சீனாவின் குய்சோ மலைப்பக்கம் நவம்பரில் பனி இறங்கினால் அப்படித்தான். முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று போனால்தான் தெரியும்.

எங்கள் ஊர் சாங்ஷாவிலிருந்து கிளம்பி அது ஒன்பதாவது நாள். நானும் என் தங்கை ஷௌலிங்கும் மட்டும்தான். எனக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்து மூன்று. இந்த வயதில் இரண்டு பொம்பளைகளுக்கு சைக்கிளில் மலையேறுகிற கேடு எதற்கு என்று எங்கள் தெருவில் பேசாத வாய் இல்லை. பேசட்டும். நுரையீரலில் கட்டி என்று படுத்துக் கிடந்தவளிடம், நீ எழுந்து வா, உன்னைக் குய்சோவுக்கு சைக்கிளிலேயே கூட்டிப்போகிறேன் என்று சொன்னவள் நான். எழுந்து வந்துவிட்டாள். என் புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாயிற்று, அவள் கல்யாணமே கட்டவில்லை. எனக்கு அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"அக்கா, நில்லு," என்றாள் லிங்.

ரோட்டின் நடுவில் கறுப்பாக ஏதோ கொட்டிக் கிடந்தது. வேர், பட்டை, ஊறிப்போன இலை. காய்ச்சி வடித்த கசாயச் சக்கை. இன்னும் ஆவி அடங்கவில்லை.

எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டில் நோயாளி கிடந்தால், கசாயம் காய்ச்சிய சக்கையை ஆள் நடமாட்டமுள்ள சந்தியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். யார் மிதிக்கிறாரோ அவர் காலோடு நோய் போய்விடும். மிதித்தவர் கதி என்ன என்று கொட்டினவர் கேட்பதில்லை.

நான் சைக்கிளை ஓரமாக, சாக்கடை விளிம்பில் உரசிக்கொண்டு தள்ளிப்போனேன். லிங்குக்கு ஒரே சிரிப்பு.

"இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டர் வேலை பாத்த சிங்கம். பிக்பாக்கெட்காரனைக் காலரைப் புடிச்சு இறக்கி விட்டவ. சக்கையைப் பாத்து இப்படிப் பம்முறியே அக்கா."

சக்கைக்கு நடுவில் நீலத் துணித் துண்டு ஒன்று கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. என் பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கிழித்து, அந்தத் துணியில்தான் அவளுக்குக் கசாயம் வடிகட்டினேன். நாலு மாதம், தினமும்.

நீலத் துணி உலகத்தில் எத்தனையோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். லிங் படுத்திருந்தபோது, சக்கையைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடு, ரோட்டில் கொட்டாதே, அடுத்தவர் காலில் என் வியாதி ஏற வேண்டாம் என்று படுக்கையில் கிடந்தபடியே என்னிடம் கேட்டுக்கொண்டாள். சரியென்று தலையாட்டினேன். தினமும் விடிகாலையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சந்திக்குத்தான் போனேன்.

அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு ஆள்தான் வருவார். டோஃபு குவாங் என்று தெருவே கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். சைக்கிள் கேரியரில் சோயாப் பாலைத் திரித்துச் செய்த டோஃபுக் கட்டிகள் வைத்த மரப்பெட்டி, அதிலிருந்து டோஃபுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். இந்தக் காலத்தில் தெருவில் விற்கிறவர்கள் எல்லோரும் ஸ்பீக்கர் வைத்துக் கத்துகிறார்கள். அவர் மட்டும் ஹேண்டில்பாரில் மரக்கட்டை கட்டித் தட்டிக்கொண்டு வருவார். டொக், டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு, டொக்.

முதல் நாள் அவர் சக்கரம் சக்கையில் ஏறியது தற்செயல்தான். மறுநாள் அவர் எந்தப் பக்கமாகத் திரும்புகிறார் என்று பார்த்துவைத்து, சரியாக அங்கே கொட்டினேன். சக்கரம் ஏறியதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், நானும் அசைப்பேன்.

நாலாவது மாதம் லிங்குக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். அதே வாரம் தெருவில் கட்டைச் சத்தம் நின்றுபோனது. குவாங்குக்கு நுரையீரலில் ஏதோ, ரத்தமாக இருமிச் செத்தார் என்று மீன்காரி சொன்னாள். சாவு வீட்டுக்கு நான் போகவில்லை.

இத்தனையையும் நினைத்துக்கொண்டே மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தேன். தாபிங்குக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். பனியில் ஈர மண் வாசனையும் அழுகிய மூங்கில் இலை வாசனையும்தான் இருந்தது. திடீரென்று அதில் வேறொரு வாசனை கலந்தது. கசாயம். கூடவே பச்சை சோயாப் பால்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது.

டொக், டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"யாரோ டோஃபு கொண்டு வர்றாங்க," என்றாள் லிங், சந்தோஷமாக. "நில்லுக்கா, வாங்கிட்டுப் போலாம். மத்தியானம் தின்ன நூடுல்ஸ் எப்பவோ செரிச்சுப் போச்சு."

நிற்காதே, மழை வரப்போகிறது, ஊரில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவளை விரட்டினேன். அவள் முணுமுணுத்துக்கொண்டு மிதித்தாள். கொஞ்ச தூரம் போனதும், சும்மா ஒரு ஞாபகம் வந்ததுபோல் சொன்னாள்.

"நம்ம தெருவுக்கு வருவாரே டோஃபு குவாங், அவரு மாதிரியே தட்டுறாரு பாரேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்டால் என்னை என்ன நினைப்பாள் என்ற பயம், பின்னால் வருவதன் மேலிருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெட்கங்கெட்ட மனசு, வேறென்ன சொல்ல.

நாங்கள் வேகமாகப் போனால் சத்தமும் வேகமாக வந்தது. நாங்கள் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது.

நெருங்கி வரவில்லை. விலகவும் இல்லை.

ரோடு குறுகி ஒரு பாறைக்கு அடியில் வளைந்தது. இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் அதலபாதாளம். லிங் மழைக்கோட்டை மாட்டிக்கொள்ள இறங்கி நின்றாள். நான் வளைவு வரை போய்ப் பார்த்து வருகிறேன் என்று முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். நாலடி போயிருப்பேன். கால் அப்படியே நின்றுவிட்டது.

சுவரிலிருந்து பள்ளத்தின் விளிம்புவரை, ரோட்டை அடைத்துக்கொண்டு சக்கை கொட்டிக் கிடந்தது.

ஆவி பறந்தது. நடுவில் நீலத் துணி.

சுற்றிப் போக இடமில்லை. பின்னால் லிங் வண்டியில் ஏறுகிற சத்தம் கேட்டது. இன்னும் அரை நிமிடத்தில் அவள் சக்கரம் இதில் ஏறும். எதற்காக இது எங்களைத் துரத்தி வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கிருந்து எடுத்துப் போனதோ, அங்கேயே திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது.

நான் சைக்கிளோடு அதன் நடுவில் போய் நின்றேன். இரண்டு சக்கரத்தையும் அதில் முன்னும் பின்னும் உருட்டினேன். ஷூவால் மிதித்தேன். மிச்சத்தையெல்லாம் காலால் தள்ளித் தள்ளிப் பள்ளத்தில் விட்டேன். பனியைப் பார்த்துக் கிசுகிசுத்தேன்.

"குவாங் அண்ணே, கொட்டுனது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுடுங்க. எனக்குக் குடுங்க."

கட்டைச் சத்தம் நின்றது.

என் சைக்கிள் கேரியர் மெதுவாகக் கீழே அமுங்கியது, யாரோ ஏறி உட்கார்ந்தது போல. பின்டயர் நசுங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

வளைவில் வந்து நின்ற லிங், அங்கே என்ன கூத்தாடுகிறாய் என்று கேட்டாள். சேறு, துடைக்கிறேன் என்றேன். அதுதான் நான் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய்.

மிச்ச தூரத்தை எப்படி மிதித்தேன் என்று கேட்காதீர்கள். தாபிங்கில் பழைய பள்ளிக்கூடத்தைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்துகிற தியான் என்பவர் வாசலுக்கு வந்து எங்கள் பைகளை இறக்கினார். வழியில் அந்தப் பாறை வளைவுப் பக்கம் யார் வீட்டிலாவது நோயாளி இருக்கிறார்களா என்று கேட்டேன். அந்தப் பாறைப் பக்கம் வீடே கிடையாது, கசாயம் காய்ச்ச அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். பிறகு என் சைக்கிளைப் பார்த்துக் கேட்டார்.

"டோஃபு கொண்டாந்தீங்களாம்மா? கேரியர்லேருந்து தண்ணி சொட்டுதே."

சிமெண்டுத் தரையில் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. லிங் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, அட ஆமாம், சோயா வாசனை என்று சிரித்தாள். நான் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளே பயணத்தை முடித்து, சைக்கிள்களை வேனில் ஏற்றி ஊர் திரும்பினோம். ஜனவரியில் எனக்கு இருமல் வந்தது. பிப்ரவரியில் ஸ்கேன். அதே இடம், அதே நிழல் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். லிங் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கணக்கு தீர்ந்தது, அவள் தப்பினாள், அது போதும் என்று நினைத்தேன்.

இப்போது அவள் எனக்குக் கசாயம் காய்ச்சுகிறாள். முதல் நாளே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சக்கையைக் கக்கூஸ்ல போடு லிங். ரோட்டுல மட்டும் கொட்டிடாத."

"ஏன்?"

சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்காகத் தூங்காமல் கண் வீங்கிய முகம். நீ உயிரோடிருப்பது இன்னொருத்தர் உயிரில் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"சும்மாதான். அடுத்தவங்களுக்கு எதுக்கு," என்றேன்.

"சரிக்கா," என்று தலையாட்டினாள்.

நான் எப்படித் தலையாட்டினேனோ அதே மாதிரி.

இன்று விடிகாலையில் விழிப்பு வந்தபோது பக்கத்துக் கட்டிலில் அவள் இல்லை. வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனேன். அவள் செருப்பு ஈரமாக, தெரு மண்ணோடு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். தெருமுனைச் சந்தியில், நான் கொட்டிய அதே இடத்தில், கறுப்பாகச் சக்கை ஆவி பறக்கக் கிடந்தது.

அதன் நடுவில் ஒரு சைக்கிள் தடம்.

தடம் சந்தியைத் தாண்டிப் போகவில்லை. திரும்பி, எங்கள் வீட்டுப் பக்கமாக வந்தது. ஈரமாக, வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகத் தெறித்த தண்ணீரோடு, படியேறி வாசலுக்குள் வந்தது. எங்கள் சைக்கிள்கள் இரண்டும் நவம்பரிலிருந்து கொல்லைப்புறச் சுவரில் தொங்குகின்றன.

தடம் என் செருப்பைத் தாண்டிப் போய், லிங்கின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

நோய் எனக்குத்தான், நான்தான் கேட்டு வாங்கினேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஆனால் இந்தத் தடவை கொட்டினது நான் இல்லையே. அன்றைக்கே, அந்த மேட்டிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போயிருக்க மாட்டாள்.

"லிங்," என்று கூப்பிட்டேன். "இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்லயே சொல்லியிருக்கணும்."

அடுப்படியிலிருந்து வறட்டு இருமல் ஒன்று வந்தது. இரண்டு வருஷம் முன்னால் ராத்திரி பகலாக நான் கேட்டுப் பழகிய இருமல்.

வாசல் படியில், என் முதுகுக்குப் பின்னால், கட்டை ஒரு தடவை தட்டியது.