ஊட்டிவிட்ட கை!

"ஐயோ... முதலாளீ...!"

கேன்டீனிலிருந்து வெடித்த அந்த அலறல், கறி அரைக்கும் இயந்திரங்களின் இரைச்சலையே அடக்கிவிட்டது.

கஸாக் நாட்டின் தால்திகோர்கன் ஊருக்கு வெளியே இருந்த அந்த சாசேஜ் பேக்டரிக்குள் கேப்டன் மக்சுத் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தார்.

என்ன நாற்றம்!

குதிரைக்கறி தின்று நரைத்த மீசைதான் அவருடையது. ஆனாலும் மூக்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. சுவரெல்லாம் பிசுபிசுப்பு. தரையில் கொழுப்பும் ரத்தமும் கலந்த வழுக்கல். இறைச்சித் தொட்டியில் ஈ மொய்த்தது... விரட்டக்கூட ஆளில்லை.

'சை! மனுஷன் திங்கறதை இப்படியா செய்வானுங்க?'

விருந்து மேஜையில் முதலாளி ஒராஸ்பேக் சரிந்து கிடந்தார். உயிர் இல்லை. உதடுகள் இரண்டும் நீலம்!

"ஹார்ட் அட்டாக், கேப்டன்!" என்று முந்திக்கொண்டார் டாக்டர் தொலெகென். இளவட்டம். இறைச்சியைச் சோதித்து முத்திரை குத்த அரசாங்கம் அனுப்பிய கால்நடை டாக்டர்.

"செத்தது குதிரை இல்லை டாக்டர். நீங்க சும்மா இருங்க."

சார்ஜென்ட் ஐதோஸ் ஓடி வந்தான்.

"சார், இன்னிக்கு இங்க கறி பிசையற கம்ஷாத் அக்காவுக்கு ரிட்டயர்மென்ட் விருந்து. ஊர்ப் பெரிய மனுஷங்கல்லாம் வந்திருக்காங்க. எல்லாரும் ஒரே தட்டுலதான் சாப்பிட்டாங்க. இவர் மட்டும் காலி!"

"கறி யார் குடுத்தது?"

"அந்த அக்காவே வீட்டுலேர்ந்து சமைச்சு எடுத்துட்டு வந்தாங்களாம்."

"சாசேஜ் பேக்டரியில விருந்து... வீட்டுக் கறியா?"

"அதை ஏன் கேக்கறீங்க சார்! தொழிலாளிங்க டப்பா எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேன். முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி. ஒருத்தர்கூட இங்க செய்யறதைத் தொட மாட்டாங்களாம்."

"முதலாளி?"

"அவரா? மோந்துகூடப் பார்க்க மாட்டாராம்!"

"அப்போ இந்தக் கண்றாவியை யார்தான்யா திங்கறது?"

"ஸ்கூல் பிள்ளைங்க, அனாதை விடுதி, நம்ம ஜெயில்... வேண்டாம்னு சொல்ல முடியாத வாயாப் பார்த்து அனுப்பறாங்க சார். இதோ, வாசல்ல ஸ்கூலுக்கு வேன் ஏத்திக்கிட்டிருக்கு."



டாக்டர் தொலெகென் நைசாகப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேப்டன்... கடைசியா முதலாளிக்கு ஊட்டினது அந்தக் கம்ஷாத்தான். கையில விஷம் வெச்சிருந்திருப்பா!"

"இப்பத்தான் ஹார்ட் அட்டாக்குன்னீங்க?"

"அது... அது வந்து..."

கம்ஷாத் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கறி பிசைந்தே காய்த்துப்போன கைகள் மடியில் கிடந்தன.

"ஊட்டினீங்களாக்கா?"

"ஆமா தம்பி. விருந்து முடியறப்போ மூத்தவங்க ஊட்டறதுதானே?"

ஊட்டுவதுதான். பெரியவர் கை நெருங்கிவிட்டால் எந்த கஸாக் பிள்ளையும் வாயை மூடமாட்டான். மூடினால் பெற்றவர்களுக்கே கெட்ட பெயர்!

"கையில என்ன இருந்துச்சு?"

கம்ஷாத் நிமிர்ந்தாள்.

"எங்க கம்பெனி சாசேஜு!"



"கறி பச்சை பூத்து வந்துச்சு தம்பி. கையை விட்டா புழு நெளியுது. 'கறி கெடாம இருக்கப் போடற சிவப்பு உப்பைக் கொட்டு, நிறம் வந்துடும்'னாரு முதலாளி. அளவாப் போட்டேன். பத்தாதுன்னு அவரே சாக்கோட கவுத்தாரு. 'சின்னப் பிள்ளைங்க திங்கறதுய்யா'ன்னு அழுதேன். 'பிள்ளைங்களுக்குக் கல்லும் செரிக்கும்'னு சிரிச்சாரு. இதோ, இந்த டாக்டரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்தினாரு!"

"அதுக்காகக் கொன்னுடறதா?"

"கொல்றதா! துப்புவாருன்னு நினைச்சேன் தம்பி. அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி அவர் சரக்கை அவரே துப்பட்டும்... அப்பவாவது அந்த வேன் நிக்கும்னு பார்த்தேன். வாய்க்குள்ள போனதும் தெரிஞ்சுபோச்சு அவருக்கு. கண்ணு பிதுங்கிச்சு. சுத்தியும் முத்தியும் பார்த்தாரு. துப்பினா மானமும் போகும், வியாபாரமும் போகும்... முழுங்கிட்டாரு! டீ ஊத்தி முடிக்கறதுக்குள்ள சாஞ்சுட்டாரு..."

அவள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உசிரே போகும்னு சத்தியமாத் தெரியாது தம்பி..."

"ஒப்புக்கிட்டா! ஒப்புக்கிட்டா!" துள்ளினார் டாக்டர். "அவ்வளவு சிவப்பு உப்பு சுத்த விஷம்! உதடு நீலமானதைப் பாருங்க! விலங்கை மாட்டுங்க கேப்டன்!"

அவர் கையிலிருந்த செல்போன் மெல்லப் பைக்குள் நழுவியது.

அதே நேரம்...

வாசலில் 'டுர்ர்ர்...' என்று ஒரு உறுமல்!

"ஐதோஸ்! வேன்! பிள்ளைங்க வாயில போறதுக்கு முன்னாடி பிடிடா!"

ஐதோஸ் பாய்ந்தான். வழுக்கித் தரையோடு சறுக்கினான். எழுந்தான். கேட் தாண்டும் நேரத்தில் வேனுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றான்.

கிரீச்...!

"யோவ், யார் எடுக்கச் சொன்னது?"

"டாக்டர்தாங்க! இப்பத்தான் போன்ல மெசேஜ் அனுப்பினாரு... 'உடனே கிளம்பு, சரக்கு இங்க இருக்கக்கூடாது'ன்னாரு!"

கேப்டன் வேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வரச்சொன்னார். மேஜைமேல் வைத்துத் திறந்தார். பளபளவென்று செக்கச்சிவந்த சாசேஜுகள். பெட்டிமேல் வட்டமாக நீல முத்திரை!

"டாக்டர்... இது விஷமா?"

"சந்தேகமே இல்லை!"

"அப்போ விஷத்துக்கு முத்திரை குத்தின மகராசன் யாரு?"

டாக்டரின் முகம் வேர்த்துக் கொட்டியது.

"இல்லை... அது... நல்ல சரக்குதான் கேப்டன். சோதிச்சுத்தான் குத்தினேன்..."

"பேஷ்! நல்ல சரக்குன்னா அக்கா நல்ல சாப்பாடுதான் போட்டிருக்காங்க. கொலையே இல்லை!"

கேப்டன் ஒரு துண்டை வெட்டி விரலில் எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரின் வாயருகே நீட்டினார்.

"உங்களைவிட நான் மூத்தவன்தானே? ஆ காட்டுங்க. ஊட்டறேன்!"

டாக்டர் தொலெகென் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். ஊர்ப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானமாவது மண்ணாவது!

"தூ!" என்றார் கேப்டன். "செத்தவனுக்காவது கொஞ்சம் மானம் இருந்துச்சு. ஐதோஸ், மாட்டுடா!"

"நானும் வரணுமா தம்பி?" கம்ஷாத் மெல்லக் கேட்டாள்.

"வரணும்கா. இப்ப சொன்னதை ஒண்ணு விடாம கோர்ட்டுலயும் சொல்லணும். தப்பு உங்க மேலயும் இருந்தா அவங்க சொல்லட்டும். விலங்கெல்லாம் வேணாம், முன் சீட்டுல உட்காருங்க."

ஐதோஸ் ஜீப்பைக் கிளப்பினான். பின் சீட்டில் கேப்டன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தண்ணீர் பாட்டில் காலியாகும்வரை அந்த விரல்களைக் கழுவிக்கொண்டே வந்தார்.

அவர் பக்கத்தில் விலங்கோடு டாக்டர் முனகினார்.

"சார்ஜென்ட்... ஜெயில்ல சாப்பாடெல்லாம்... எப்படி இருக்கும்?"

ஐதோஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பயப்படாம சாப்பிடுங்க டாக்டர்... எல்லாம் நீங்க முத்திரை குத்தின சரக்குதான்!"