நாற்பத்து மூன்று தடவை

வெர்னெட்டா ஓடிப்போய்க் காரின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"எடுக்காதீங்க! காரை எடுக்காதீங்க!"

பாம்... பாம்... பாம்!

டோலிவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "ஏய் பொண்ணு, வழியை விடு! உள்ளே இருக்கிறது உன் மாமாடி!"

அது அவளுக்குத் தெரியாதா? பின் சீட்டில் கிளியோஃபஸ் மாமா, தலை மார்பில் தொங்க உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்புவரை அவர் தன் கடையில் விட்லோவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் 'க்ளிங்' என்று விழுந்தது. அடுத்து அவரே விழுந்தார்.

அறுபதுகளின் கடைசியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கறுப்பர்களாகிய நாங்கள் வாழ்ந்த ஹில் பகுதியில், யாராவது மயங்கி விழுந்தால் போன் பண்ண மாட்டோம். பண்ணினால் போலீஸ் வேன்தான் வரும். திருடர்களை ஏற்றுகிற அதே வேன். நோயாளியைப் பின்னால் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒருவரும் இருக்க மாட்டார்.

அதனால் எங்களுக்கென்று ஒரு வழக்கம். டோலிவரின் வாடகைக் காரைக் கூப்பிடு. ஆளை உட்கார வை. பற!

அன்றும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் பத்து வயது வெர்னெட்டா அசையவில்லை.

"மாமா மூச்சு விடலை! கீழே படுக்க வைங்க! நான் போன் பண்ணிட்டேன், புதுசா வந்த வெள்ளை ஆம்புலன்ஸ் வண்டி வருது!"

"எது, லெமுவேல் வேலை பார்க்கிறானே அந்த வண்டியா?" எதிர்வீட்டு ஹேட்டி அக்கா இடுப்பில் கைவைத்தாள். "போன வருஷம் வரைக்கும் தெருமுனைச் சுவரைத் தாங்கிக்கிட்டு நின்ன பய! அவன் வந்து உயிரைக் காப்பாத்தப் போறானா?"

வெர்னெட்டா காரைச் சுற்றி ஓடினாள். பின் கதவைத் திறந்தாள்.

"விட்லோ அண்ணே, காலைப் பிடிங்க!"

விட்லோ பாதி வெட்டிய தலையோடு, கழுத்தில் துணி தொங்க நின்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் காலைப் பிடித்தார். மாமா நடைபாதையில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

வெர்னெட்டா அவர் தலைமாட்டில் மண்டியிட்டாள். ஒரு கை நெற்றியில். மறு கை தாடைக்கு அடியில். மெதுவாகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள்.

"ஹ்ர்ர்ர்ர்..."

"குறட்டை விடுறாருப்பா!" என்றார் விட்லோ.

"குறட்டை இல்லைண்ணே, மூச்சு! நாக்கு பின்னால சரிஞ்சு வழியை அடைச்சிருந்தது. உட்கார வெச்சா தலை தொங்கும். தலை தொங்கினா வழி மூடும்."

"இதெல்லாம் உனக்கு யாருடி சொன்னது?" ஹேட்டி அக்காவுக்கு ஆச்சரியம்.

வெர்னெட்டா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கைகளை மட்டும் எடுக்கவில்லை.

சைரன்!

வண்டி நிற்பதற்குள் லெமுவேல் குதித்தான். பின்னாலேயே அவன் கூட்டாளி ஆர்வெல். எங்களுக்குத் தெரிந்த லெமுவேல் சோம்பல் முறிப்பான், சீட்டியடிப்பான். இவன் யாரோ! யாரையும் பார்க்கவில்லை. மாமாவின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தான்.

அவன் முகம் மாறியது. "ஆர்வெல், துடிப்பு நின்னுபோச்சு!"

ஆர்வெல் மாமாவின் நெஞ்சில் இரு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று... லெமுவேல் ஒரு பெட்டியைத் திறந்தான். அதன் சின்னத் திரையில் ஒரு பச்சைக் கோடு, பயந்த குழந்தை கிறுக்கியதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் விலகுங்க! வெர்னி, நீயும்தான். கையை எடு."

வெர்னெட்டா கையை எடுத்தாள். லெமுவேல் மின்சாரம் பாய்ச்சும் இரண்டு தகடுகளை மாமாவின் நெஞ்சில் வைத்தான்.

டப்!

மாமாவின் உடம்பு தூக்கிப் போட்டது.

எல்லார் கண்ணும் அந்தப் பச்சைக் கோட்டின் மேல். அது படுத்தது. படுத்தே கிடந்தது. பிறகு...

ஒரு குதி. இன்னொரு குதி. அப்புறம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

டோலிவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். எங்கள் தெருவில், எங்கள் கண் முன்னால், நின்றுபோன இதயத்தை எங்கள் தெருப் பையன்கள் ஓட வைத்துவிட்டார்கள்! நகரத்துப் பணக்காரத் தெருக்களில்கூட அப்போது அப்படியொரு வண்டி இல்லை. ஹேட்டி அக்கா வாயைத் திறந்தாள், வார்த்தை வராமல் மூடிக்கொண்டாள். அதுவே ஓர் அதிசயம்தான்.

வண்டியில் ஏற்றும்போது லெமுவேல் திரும்பினான். "நாங்க வர்ற வரைக்கும் மூச்சு வழி திறந்தே இருந்தது. அது மட்டும் அடைச்சிருந்தா நாங்க வந்தும் பிரயோஜனமில்லை. தலையை யார் நிமிர்த்தினது?"

அத்தனை விரல்களும் வெர்னெட்டாவைக் காட்டின. அவன் சிரித்தான். அவள் மறுபடியும் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மாமா கடை திறந்தார். முதல் ஆளாக விட்லோ வந்து தொப்பியைக் கழற்றினார். பாதித் தலை அப்படியே இருந்தது.

"வேற கடைக்குப் போயிருக்கலாமே!" என்றார் மாமா.

"நீ ஆரம்பிச்சதை நீதான்யா முடிக்கணும்."

கடையே சிரித்தது. மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெர்னெட்டாவைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லு. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

வெர்னெட்டா, வரிசையில் உட்கார்ந்திருந்த லெமுவேலைப் பார்த்தாள். "சொல்லட்டுமாண்ணே?"

"சொல்லு. இனிமே என்ன பயம்."

"போன வருஷம் லெமுவேல் அண்ணன் இந்த வேலைக்குப் படிச்சாரு. பரீட்சையில தோத்துட்டா தெருவே சிரிக்கும், யார்கிட்டேயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாரு. பழகிப் பார்க்க ஓர் ஆள் வேணுமே? அதனால பள்ளிக்கூடம் விட்டதும் அவங்க வீட்டுச் சமையலறைக்குப் போய் நான் செத்துப்போவேன். அவர் பிழைக்க வைப்பாரு."

"எத்தனை தடவைடி செத்தே?"

"நாற்பத்து மூணு தடவை மாமா. அதுல முதல் ஆறு தடவை, தலையை நிமிர்த்த மறந்துட்டாரு. ஆறு தடவையும் நான் செத்தே போயிட்டேன்!"