ஹார்டனர் ஊற்றுகிறவர்

எட்டு நாளாகியும் தரை காயவில்லை. பட்டறை முழுக்கக் கல்லாய் இறுகிவிட்டது. ஜன்னலோரம் ஓர் ஆள் படுக்கிற அளவு மட்டும் பாகு போலப் பிசுபிசுத்தது. எங்கே காய வேண்டுமோ அங்கே பார்த்துக் காயாமல் கிடந்தது சனியன். தரை போடுகிறவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காரணம் தெரியும். இருபது வருஷமாக அவரும் தங்கை கணவரும் சேர்ந்தேதான் தரைக்கு ஊற்றும் எபாக்சி கலக்குவார்கள். இவர் பிசினைக் கிளறுவார். ஹார்டனர் ஊற்றுவது மச்சான். ஊற்றி முடித்ததும் "ஆச்சு" என்பார். ஹார்டனர் சேராவிட்டால் பிசின் ஜென்மத்துக்கும் இறுகாது. எட்டு நாள் முன்பு, ஜன்னலோரம் மட்டும் பாக்கி இருந்தபோது வாய்ச்சண்டை முற்றி, மச்சானின் மண்டையைச் சுத்தியலால் பிளந்து, பழைய இயந்திரம் பெயர்த்த குழியில் தள்ளி மணலைப் போட்டு மூடினார். மேலே ஊற்றும்போது, பழக்க தோஷம், தன் பங்கை மட்டும் கிளறி ஊற்றிவிட்டார்.

"ஏண்ணா, இங்க மட்டும் செருப்பு ஒட்டுது?"

தங்கை வாசலோடு நிற்கவில்லை. காயாத அந்த இடத்தின் மேலேயே நின்றாள்.

"கலவை சரியில்லம்மா. சுரண்டிட்டு வேற ஊத்தணும். நீ வீட்டுக்குப் போ."

"அவர் இருந்தா இப்படி விட்டிருப்பாரா? கோவிச்சுக்கிட்டுப் போனவரு ஒரு போன்கூடப் பண்ணல. வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிக்குது. குடு, நானும் சுரண்டறேன்."

அவள் சுரண்டினால் மணல் வரும். மணலுக்குக் கீழே சட்டை வரும். அவர் சுரண்டும் தகட்டைத் தானே எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். சரக், சரக் என்று வழித்தெடுத்த பிசின் நூல் நூலாய் இழுபட்டது. வெயில் முதுகில் அடித்தும் உடம்பு சில்லிட்டது. அப்போதுதான் அந்த மீன் வாடை. ஹார்டனர் வாடை. அலமாரியில் ஹார்டனர் டப்பா மூடி திறக்காமல் இருந்தது.

இடது கையை ஊன்றினார். தரை வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு சுட்டது.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. கொதித்தது. தோல் வெந்தது. அலறினார்.

அடியிலிருந்து ஒரு குரல். நிதானமாக.

"ஆச்சு."

தங்கை ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் தரையில் வழிந்தது. கை மட்டும் வரவில்லை. ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். அடியில் பிசின் கண்ணாடியாய் இறுகியிருந்தது.

உள்ளே அண்ணன் கையோடு இன்னொரு கை விரல் கோத்திருந்தது. அதில் அவள் போட்டுவிட்ட மோதிரம்.

"அது அவர் கைதானே? அண்ணா, அது அவர் கைதானே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய தோளை விட்டாள்.

கல்லாய் இறுகிய பிசினுக்குள் மோதிரக் கை மெல்ல மடங்கியது. அண்ணனின் சுண்டுவிரல் முதலில் முறிந்தது. அடுத்த விரல். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மோதிரத்துக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். தரை இன்னும் சூடாக இருந்தது.