மாளிகைக்குக் கொடுத்த மௌனம்

செருப்பைக் கழற்றி வாசல் மூலையில் போட்டான். சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது.

நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லாத ஹால் அது. ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேசை, மாடிப் படுக்கையறைக்கு ஏறும் மரப்படி, அவ்வளவுதான். அதில் ரப்பர் செருப்பு விழுந்தால் சத்தம் விழுந்த இடத்திலேயே செத்துப்போக வேண்டும். இன்று அது எங்கோ உயரத்தில் போய் முட்டி, இல்லாத பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தது. குனிந்து எடுத்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். அதேதான். பெரிய வீட்டுச் சத்தம்.

"செருப்போட என்ன சண்டை?" சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எக்கோ அடிக்குது. உனக்குக் கேக்கலையா?"

"அவனவன் பொண்டாட்டி பேசினாலே காதுல வாங்க மாட்டேங்கிறான். எனக்கு வாய்ச்சவரு செருப்பு பேசறதைக் கேக்கறாரு." மேசை மேலிருந்த ஜக்கைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். "மத்தியானம் ரொப்பி வெச்சேன், சொட்டு இல்ல. நீங்களா குடிச்சீங்க?"

"நான் காலையிலயே போயிட்டேனே."

"அப்போ உங்க செருப்புதான் குடிச்சிருக்கும்."

சிரித்தபடி உள்ளே போனாள். அவள் காலில் இருந்தது வீட்டுக்குள் போடும் நீல ரப்பர் செருப்பு. வலது வார் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தாள். புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவன் பல தடவை சொல்லியாயிற்று. அந்தச் செருப்பின் சத்தமும் உயரத்தில் போய் முட்டித் திரும்பியது.

அவன் சவுண்டுக்காரன். பழைய படங்களின் ஒலியில் படிந்த இரைச்சலையும் வெடிப்பையும் துடைத்துச் சுத்தம் செய்வது வேலை. கடைசியாக, தியேட்டரில் மறுபடி திரையிடுவதற்காகக் கைக்கு வந்தது ஒரு கறுப்பு வெள்ளை இந்திப் படம். மாளிகை ஒன்றை விலை பேச வந்த வக்கீல் ராத்திரி அங்கேயே தங்கிவிடுகிறான். யாருமில்லாத மாடியில் ஒரு பெண் பாடுகிறாள். கதை இவ்வளவுதான், ஆனால் அதை எடுத்திருந்த விதம் வேறு. சரவிளக்கு ஆட ஆடச் சுவரெல்லாம் மூச்சு விடும். பேயைக் காட்டவே மாட்டார்கள். கதவு தானாகத் திறக்கும், உள்ளே வெறும் நாற்காலி இருக்கும், அந்த நாற்காலியில் அப்போதுதான் யாரோ எழுந்து போனது போல ஒரு குழிவு இருக்கும். அது போதும். எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

உச்சம் அந்த வளைவுப் படிக்கட்டுதான். வெள்ளைச் சேலைக்காரி மாடிக் கைப்பிடியிலிருந்து விழுவாள். அந்த அலறலுக்காகவே படத்துக்குப் போனவர்கள் உண்டு. நடிப்பென்றால் இதுதான் என்று தாத்தாவும் அப்பாவும் பேரனும் ஒரே மாதிரி சொன்ன அலறல்.

படப்பெட்டியோடு, இசை சேர்க்காத தனி ஒலிச்சுருள் ஒன்றும் வந்திருந்தது. இத்தனை காலம் வயலின்களுக்கு அடியில் புதைந்திருந்ததை ஹெட்போனில் அவன் முதன்முதலாகக் கேட்டான். அலறல். உடம்பு தரையில் விழும் சத்தம். அதோடு முடியவில்லை. ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து, "பானி... பானி..." என்று தண்ணீர் கேட்டாள். யாரோ ஓடி வரும் காலடி. ஓர் ஆண் குரல் இந்தியில் அதட்டியது. "யாரும் கிட்டப் போகாதே. ஓடட்டும்." கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்கவில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகும் கதாநாயகி நிறைய நடித்தாள். ஆக, இது டூப். பெயர்ப் பட்டியலில் எங்கேயும் இல்லாத ஒருத்தி.

ஸ்டுடியோ முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். "சார், இது நடிப்பில்ல. அந்தப் பொண்ணு நெஜமாவே செத்திருக்கு."

முதலாளி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கு நீ என்ன, கேஸ் போடப் போறியா? விழுந்தவளும் போயாச்சு, ஓடட்டும்னு சொன்னவனும் போயாச்சு. தூசியோட தூசியா இதையும் துடைச்சு விடு. அலறல்ல மட்டும் கை வெச்சிடாத, அதுக்குத்தான் கூட்டமே வருது." கதவு வரை போனவர் திரும்பிச் சிரித்தார். "டைட்டில்ல உன் பேர் தனியா வருதுப்பா. வீட்ல சொல்லிட்டியா?"

அதற்கு முன்பு அவன் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை.

துடைத்தான். துடைத்த இடத்தை அப்படியே விட முடியாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் இருக்கிறது. அது சட்டென்று அறுந்தால் பார்க்கிறவனுக்குக் காது அடைத்துப் போன மாதிரி இருக்கும். அதனால் அந்தத் தொழிலில் வெறும் அறையைப் பதிவு செய்து, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். மாளிகையின் மௌனம் எதுவும் மிஞ்சவில்லை. எங்கே எடுத்தாலும் அவள் மூச்சு இருந்தது. அவசரத்துக்கு வீட்டிலேயே, மனைவி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மரப்படியின் அடியில் மைக்கை வைத்து, விசிறியை நிறுத்தி, தன் ஹாலின் மௌனத்தைப் பதிவு செய்தான். அதைப் படத்தில் அந்தப் பெண் தண்ணீர் கேட்ட இடத்தில் ஒட்டினான்.

அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

செருப்பு எதிரொலித்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மனைவி துணி எடுக்கப் பின்பக்கம் ஓடினாள். அவன் மைக்கை எடுத்து வந்து அதே படியடியில் வைத்துப் பதிவுக் கருவியைப் போட்டான். வெளியே அத்தனை மழை, ஆனால் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி அசையவில்லை. சுழியத்தில் கிடந்தது. கருவியைத் தட்டினான். ஒயரை மாற்றினான். கிடந்தது. எந்த வீட்டுக்கும் அப்படி ஒரு மௌனம் கிடையாது. மூடிய பெட்டிக்குள்கூட ஊசி கொஞ்சம் துடிக்கும். இந்த வீட்டின் மௌனத்தை அவன் வேறோர் இடத்துக்குக் கொடுத்துவிட்டான், இங்கே இப்போது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாத இடத்தில் எது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அவனுக்குத் தோன்றியபோது, நனைந்த பளிங்கின் வாசனை வந்தது. பழைய பூட்டிய அறையின் வாசனை. ஊசி அசைந்தது.

மெல்ல. விட்டு விட்டு. மூச்சு இழுப்பது போல.

நிமிர்ந்து பார்த்தான். மாடிப்படியின் தலைப்பில் இருட்டு. இருட்டில் ஒரு வெள்ளை. துணியா? மனைவி துணியை மேலே கொண்டுபோய் வைத்தாளா?

பின்கதவு திறந்தது. மனைவி நனைந்த துணிக்குவியலோடு உள்ளே வந்தாள். "எல்லாம் போச்சு. ஒரு குரல் கொடுத்தா வந்திருக்கக் கூடாதா?" என்றாள். ஜக் மறுபடி காலியாக இருந்தது.

அப்போதே முதலாளிக்குப் போன் செய்தான். "சார், அந்தக் குரலைத் திரும்ப வெச்சிடலாம். ஒரு மணி நேர வேலை."

"விளையாடறியா? காப்பி தியேட்டருக்குப் போயாச்சு. நாளைக்குப் படம்."

"சார், தயவு செஞ்சு..."

"வெக்கறதுன்னா வை. ஆனா டைட்டில்ல உன் பேரையும் நீயே துடைச்சிட்டு வெச்சுக்கோ."

"சரி சார், அப்படியே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் மாலை முதலாளி அனுப்பிய கார் வந்து ஹாரன் அடித்தது. மனைவி கிளம்பவில்லை. தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு நின்றாள்.

"இப்படியே வா. போற வழியில காஞ்சிடும்."

"புருஷன் பேரைத் திரையில பாக்கப் போறேன், தலையைக்கூடச் சீவாமலா? நீங்க போங்க, சேலை கட்டிக்கிட்டுப் பின்னாடியே ஆட்டோ பிடிச்சு வர்றேன்."

"மாடிக்குப் போகாத. சேலையை நான் எடுத்துத் தரேன்."

"ஏன், மேல யாராவது வெச்சிருக்கீங்களா?"

ஹாரன் மறுபடி அடித்தது. ஆரம்பத்திலேயே பெயர் வந்துவிடும். அவன் மாடியைப் பார்த்தான். ஒன்றுமில்லை. வாசலில் இறங்கிப் போனான்.

பெயர் வந்தது. வெள்ளை எழுத்தில், தனியாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி தொடையில் தட்டினார். மறுபக்க நாற்காலி மனைவிக்காகக் காலியாக இருந்தது. சரவிளக்கு ஆடியது. கதவு திறந்தது, நாற்காலி தெரிந்தது, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தது. அவன் அரங்க வாசலின் திரைச்சீலையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் செய்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

வளைவுப் படிக்கட்டு.

வெள்ளைச் சேலைக்காரி கைப்பிடியருகே வந்தாள். விழ வேண்டிய இடம். விழவில்லை. நின்றாள். இத்தனை தடவை பார்த்தும் அவன் பார்த்திராத முகம், கதாநாயகியின் முகமில்லை அது, நேராகப் பார்த்தது. அரங்கை இல்லை. அவனை.

அவன் ஒட்டிய மௌனம் தொடங்கியது. அவன் வீட்டு ஹால். சமையலறை ஃப்ரிட்ஜின் முனகல். மரப்படியில் ரப்பர் செருப்பு ஏறும் சத்தம்.

"ஏங்க, வந்துட்டீங்களா? மேல யாரு?"

அவன் எழுந்தான்.

அலறல்.

உடம்பு விழும் சத்தம். மரத்தில். பிறகு தரையில்.

"தண்ணி..." பெரிய அரங்கின் எல்லாச் சுவர்களிலிருந்தும் மனைவியின் குரல். "ஏங்க... தண்ணி..."

அதன் மேல் இன்னொரு பெண் குரல், அன்று பானி கேட்ட அதே குரல், இந்தியில், நிதானமாக: "யாரும் கிட்டப் போகாதே. ஓடட்டும்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதலாளி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "புது அலறலா போட்டிருக்கே? பிச்சுட்டய்யா! அப்படியே நெஜம்!"

திரையில் படிக்கட்டின் அடிவாரம். பளிங்கில் பரவிக் கிடந்த ஈரக் கூந்தல். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, வாரில் ஊக்கு குத்தியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியவில்லை.

நீலம்.